வாடகை வீட்டுக் குளியலறையில் உடைந்த டைல்ஸ்: செலவு யாருடையது, வேலையை எங்கே தொடங்குவது?

மடிப்பாக்கம் குடித்தனக்காரர்

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் சில ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். கட்டடத்துக்கு ஏறத்தாழ பதினைந்து வயதிருக்கும். குளியலறையில் ஷவர் உள்ள சுவரில், டைவர்ட்டருக்கு (நீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் கைப்பிடி) சற்றுக் கீழே ஒரு டைலின் மூலை பெயர்ந்து, உள்ளே இருக்கும் சிமெண்ட் தெரிகிறது. பக்கத்து டைலில் மேலிருந்து கீழாக மெல்லிய விரிசல் ஒன்று ஓடுகிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் பூசியிருந்த ஒயிட் சிமெண்ட் பல இடங்களில் கரைந்து போய்விட்டது.

கீழ்த்தளத்தில் சொந்த வீட்டில் வசிப்பவர், தம் குளியலறைக் கூரையில் ஓதம் பரவுவதாகச் சென்ற வாரம் வந்து காட்டினார். எங்கள் வீட்டு உரிமையாளர் கோயம்புத்தூரில் இருக்கிறார். தொலைபேசியில் சொன்னபோது, "குடியிருப்பவர் நீங்கள், உடைந்ததும் உங்கள் காலத்தில்தான், சரிசெய்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யும்போது அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன்" என்றார். அந்த டைலின் மீது நாங்கள் எதையும் போட்டு உடைக்கவில்லை. குடிவந்த நாளில் வீடு முழுவதையும் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதில் அந்த மெல்லிய விரிசல் அப்போதே தெரிகிறது, மூலை மட்டும் பெயரவில்லை.

இந்தச் செலவு நியாயப்படி யாரைச் சேரும்? உடைந்த டைலை மட்டும் மாற்றினால் போதுமா? பழைய டைல் இப்போது கடைகளில் கிடைக்காது என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டைல்ஸ் மேஸ்திரி

வணக்கம் ஐயா. செலவு யாருடையது என்று பேசத் தொடங்கும் முன், உடைந்த காரணத்தைப் பார்த்துவிடுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் பாதி வாக்குவாதம் தானாகவே நின்றுவிடும். ஒரு நாணயத்தையோ ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியையோ எடுத்துக்கொண்டு, அந்தச் சுவரில் உள்ள ஒவ்வொரு டைலையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பின்புறம் கலவை முழுமையாகப் பிடித்திருந்தால் ஒலி கெட்டியாக இருக்கும். பிடிக்காத இடத்தில் காய்ந்த கொட்டாங்குச்சியைத் தட்டுவது போன்ற ஒலி வரும். அப்படி ஒலிக்கும் டைல்களைப் பென்சிலால் குறித்துப் படம் எடுத்து வையுங்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய பெரும்பாலான குடியிருப்புகளில் சிமெண்ட் பாலில்தான் (நீரில் கரைத்த வெறும் சிமெண்ட்) சுவர் டைல்களை ஒட்டியிருப்பார்கள். சில இடங்களில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மட்டும் கலவை உருண்டை வைத்து அழுத்திவிடுவதும் உண்டு. இவ்வாறு ஒட்டிய டைலுக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கும். இணைப்புகள் வழியாக உள்ளே புகும் நீர் அங்கே தங்கும். சுவருக்குப் போடும் செராமிக் டைலின் உடல், எடையில் 10 விழுக்காட்டுக்கும் மேல் நீரை உறிஞ்சக்கூடியது. மேலே உள்ள பளபளப்புப் பூச்சு மட்டுமே நீரைத் தடுக்கிறது. தரைக்குப் போடும் விட்ரிஃபைட் டைல் 0.5 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது. எனவே சுவர் டைலின் பூச்சு ஓரிடத்தில் உடைந்துவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளும் அது நீரைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

உடைந்த விதத்தைப் பார்த்தும் காரணத்தைச் சொல்லலாம். ஏதாவது விழுந்தோ மோதியோ உடைந்திருந்தால், அடிபட்ட புள்ளியில் பூச்சு சிறிது பள்ளமாகப் பெயர்ந்து, அங்கிருந்து விரிசல்கள் நாலாபுறமும் கிளைக்கும். சுவரின் அசைவால் வந்த விரிசல் அப்படி இருக்காது. ஒரே கோடாக ஓடி, இணைப்பையும் தாண்டி அடுத்த டைலுக்குள் நுழையும். பின்னால் கலவை இல்லாததால் மூலை பெயர்ந்திருந்தால், அடிபட்ட பள்ளம் எதுவும் இல்லாமல் மூலை மட்டும் தனியாக வந்திருக்கும், பெயர்ந்த துண்டின் பின்புறத்தில் கலவை ஒட்டியிருக்காது. அந்தத் துண்டு உங்களிடம் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக் கறையை எடுக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் நம் ஊரில் மிகுதி. ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள பகுதிகளில் இது வாடிக்கையாகவே நடக்கிறது. அந்த ஆசிட் உப்பை மட்டும் கரைப்பதில்லை. இணைப்பில் உள்ள ஒயிட் சிமெண்டையும் சேர்த்தே கரைக்கும். ஆசிட்டால் கெட்ட குளியலறையில் தரை முழுவதும், சுவரின் அடி வரிசைகளிலும், இணைப்புகள் ஒரே சீராகப் பள்ளமாகியிருக்கும்; குழாய்களின் குரோம் பூச்சும் கறுத்துப் புள்ளி விழுந்திருக்கும்.

அண்ணாநகர் உரிமையாளர்

இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவன் என்ற முறையில் உரிமையாளரின் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். மேஸ்திரி கடைசியாகக் குறிப்பிட்ட ஆசிட்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தலைவலி. புதிதாகச் செய்து கொடுத்த குளியலறை இரண்டே ஆண்டுகளில் இணைப்புகள் எல்லாம் கரைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் போலவே, கண்ட இடத்தில் துளையிட்டுச் சோப்புப் பெட்டியும் துண்டுக் கம்பியும் மாட்டிவிட்டு, போகும்போது கழற்றி எடுத்துச் செல்கிறார்கள், துளைகளை மூடுவதில்லை. அந்தத் துளை வழியாக நீர் சுவருக்குள் இறங்குவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆனாலும் உங்கள் உரிமையாளர் காரணத்தைக் கேட்காமலே முன்பணத்தில் கழிப்பேன் என்று சொன்னது முறையில்லை. வெளியூரில் இருப்பவருக்கு நிலைமை கண்ணால் தெரியாது. தொலைபேசியில் வாதம் செய்வதை விட்டு, படங்களையும் பழைய காணொளியையும் அனுப்பி, அவரையோ அவர் நம்பும் ஒருவரையோ நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். குடித்தனக்காரர் உடனே தெரிவித்த பழுதுக்கும் மறைத்து வைத்துக் கடைசியில் தெரியவந்த பழுதுக்கும் உரிமையாளர் மனத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

வழக்கறிஞர், எழும்பூர்

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகைக்கு வந்தபோது இருந்த நிலையிலேயே வீட்டைப் பேண வேண்டும், ஆனால் இயல்பான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு என்பது அதன் அடிப்படை.

எந்தப் பழுது யாருடையது என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. கட்டுமானப் பழுதுகள், வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம், தேவைப்படும்போது நீர் வரும் பைப்புகளை மாற்றுதல், மின் வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. திறந்து மூடும் குழாய், அதன் வாஷர், வடிகால் அடைப்பு, கழிப்பறைப் பீங்கான், வாஷ்பேசின், கீசர், சுவிட்சு போன்றவற்றின் பழுதுகள் வாடகைதாரரின் பொறுப்பு. வாடகைதாரர் ஏற்படுத்திய சேதத்தால் வந்த கட்டுமானப் பழுது உரிமையாளர் தலையில் விழாது என்றும் அது சொல்கிறது.

இந்தப் பட்டியல் எதிலும் டைல்ஸ் என்று தனியாகக் குறிப்பிடப்படவில்லை. அதனால்தான் உங்கள் வழக்கில் காரணம் முதன்மை பெறுகிறது. ஒட்டிய முறையில் இருந்த குறையாலோ, சுவருக்குள் போகும் குழாயின் கசிவாலோ, வயதின் காரணமாகவோ டைல் பெயர்ந்தது என்றால் அது உரிமையாளரைச் சேரும் என்று வாதிடுவதற்கு வலுவான இடம் உண்டு. மோதி உடைத்தது, ஆசிட் ஊற்றியது, துளையிட்டது என்றால் வாடகைதாரரைச் சேரும். முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, பழுதுபார்ப்பு பற்றி அதில் தனி விதி இருக்கிறதா என்று பாருங்கள். பழுதைக் கண்டவுடன் உரிமையாளருக்குத் தெரிவிப்பது வாடகைதாரரின் கடமை. தொலைபேசியில் சொன்னது போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை, வீடு ஒப்படைக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். எதற்காக, எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதற்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. பதினைந்து ஆண்டு பழைய டைலுக்குப் புதிய டைலின் முழு விலையைக் குடித்தனக்காரர் ஒருவரிடமே வசூலிப்பது நியாயமாகாது. தேய்மானத்தைக் கணக்கில் எடுத்தே பேச வேண்டும்.

அண்ணாநகர் உரிமையாளர்

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி. உரிமையாளர் பழுதுபார்க்க மறுத்தால் வாடகைதாரரே வேலையைச் செய்துவிட்டு வாடகையில் பிடித்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்லித் திரிகிறார்கள். அப்படியானால் ஒருவர் தம் விருப்பப்படி விலையுயர்ந்த டைல்களை ஒட்டிவிட்டு மூன்று மாத வாடகையை நிறுத்திவிடலாமா? இது உரிமையாளர்களை அச்சப்படுத்தும் செய்தி.

வழக்கறிஞர், எழும்பூர்

அப்படிச் செய்ய முடியாது. உரிமையாளரின் பொறுப்பில் உள்ள பழுதை அவர் செய்ய மறுத்தால், வாடகைதாரர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த ஒரு மாதத்திலும் அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. இதே போல, வாடகைதாரர் தம் பொறுப்பைச் செய்யாவிட்டால் உரிமையாளர் செய்து முன்பணத்தில் கழிக்கலாம்.

ஆயினும் இந்த உரிமையை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். பழுது யாருடைய பொறுப்பு என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கும்போது வாடகையைக் குறைத்துச் செலுத்தினால், அது வாடகைப் பாக்கியாகக் காட்டப்படலாம். இரண்டு மாதப் பாக்கி வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாகும். உரிமையாளர் பிடிவாதமாக மறுத்தால் இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியை அணுகுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யாமல் விட்டிருப்பவர்களுக்கு அந்த இடத்தில்தான் சிக்கல் எழுகிறது. எனவே அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கச் செயலாளர்

எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்துக்கு வரும் புகார்களில் மேல்வீட்டுக் குளியலறை, கீழ்வீட்டு ஓதம் என்பதுதான் முதலிடம். நண்பரே, நீங்களும் உரிமையாளரும் பேசித் தீர்க்கும் வரை கீழ்வீட்டுக்காரர் காத்திருக்கும்படி ஆகிவிடக் கூடாது. ஓதம் பரவும் கூரையில் மின்விளக்கோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருந்தால், அந்த இணைப்பின் பிரேக்கரை இன்றே அணைத்து வைக்கச் சொல்லுங்கள். இது மற்ற எல்லாவற்றையும் விட அவசரமானது.

அடுத்து, கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். உடைந்த டைல்தான் காரணம் என்று முன்கூட்டியே முடிவுகட்டி, அதை மாற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் அதே ஓதத்தோடு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்தக் குளியலறையைச் சில நாட்கள் முற்றிலும் பயன்படுத்தாமல் பூட்டி வையுங்கள்; இரண்டாவது குளியலறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். குழாய்களில் நீர் இருக்கட்டும், வால்வை மூட வேண்டாம். கீழே ஓதம் வற்றத் தொடங்கினால், நாம் ஊற்றும் நீர்தான் இறங்குகிறது என்று பொருள். ஈரம் சிறிதும் குறையவில்லை என்றால் சுவருக்குள் போகும் குழாயிலோ டைவர்ட்டரின் இணைப்பிலோ கசிவு இருக்கிறது. பிளம்பரை அழைத்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். டைல் பெயர்ந்த இடம் டைவர்ட்டருக்கு அருகில் இருப்பதால் இந்த ஐயம் உங்களுக்குக் கட்டாயம் எழ வேண்டும்.

ஊற்றும் நீர்தான் காரணம் என்று தெரிந்தால், தரையைத் தனியாகச் சோதியுங்கள். நஹானி டிராப்பை (தரையில் நீர் வடியும் துளை) துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, ஓரங்குல உயரத்துக்குத் தரையில் மட்டும் நீரைத் தேக்கி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, ஒரு நாள் முழுவதும் விடுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஈரம் கூடுவது தெரிந்தால் உடனே நீரைத் திறந்துவிட வேண்டும். தரையில் குறை இல்லை என்றால், டிராப்பைத் திறந்து வைத்துவிட்டு, கைஷவரால் உடைந்த சுவரில் மட்டும் நீரை நெடுநேரம் பாய்ச்சிப் பாருங்கள். தரையையும் சுவரையும் ஒரே நாளில் சேர்த்துச் சோதித்தால் எதுவும் விளங்காது.

தாம்பரம் ஆசிரியை

இதே சிக்கல் எங்களுக்கும் வந்தது என்பதால் எழுதுகிறேன். வேலை முடியும் வரை இடைக்காலமாக என்ன செய்வது என்பதை யாரும் சொல்லவில்லையே. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், பெயர்ந்த மூலையின் விளிம்பு கத்தியைப் போலக் கிழித்துவிடும். அந்த இடத்தைத் துடைத்து, மின்விசிறி வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு, நீர்புகா டேப்பை அகலமாக ஒட்டிவிடுங்கள். சிலிக்கோனையோ எம்-சீலையோ ஈரமான இடத்தில் பூசி மூடிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தேங்கும். நாங்கள் அந்தச் சுவரின் மேல்பகுதியிலிருந்து தடித்த பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு, ஷவரைப் பயன்படுத்தாமல் எதிர்மூலையில் வாளியில் நீர் வைத்துக் குளித்தோம்.

உரிமையாளருக்கு எழுதிய செய்தியின் வடிவத்தையும் தருகிறேன். குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதியதால்தான் எங்கள் உரிமையாளர் மறுநாளே பதில் சொன்னார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். குளியலறையின் ஷவர் சுவரில் டைவர்ட்டருக்குக் கீழே ஒரு டைலின் மூலை பெயர்ந்துள்ளது. பக்கத்து டைலில் உள்ள விரிசல் நாங்கள் குடிவந்த அன்று எடுத்த காணொளியிலும் தெரிகிறது. தட்டிப் பார்த்ததில் உள்ளீடற்ற ஒலி தரும் டைல்களைப் பென்சிலால் குறித்து, படங்களை இணைத்துள்ளோம். கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் உள்ளது. இது தாமதமானால் செலவு கூடும் என்பதால் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம். தாங்களோ தங்கள் சார்பில் ஒருவரோ வந்து பார்க்க வசதியான நாளைத் தெரிவித்தால் வீட்டில் இருப்போம். அதுவரை ஷவரைப் பயன்படுத்துவதை நிறுத்தியுள்ளோம்."

கடைசி வரி மிகவும் முக்கியம். சேதம் கூடாமல் இருக்க நாம் எடுத்த நடவடிக்கை அதில் பதிவாகிவிடுகிறது.

மடிப்பாக்கம் குடித்தனக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மேஸ்திரி ஐயா சொன்னபடி தட்டிப் பார்த்தேன். உடைந்த டைலும் அதன் கீழ் வரிசையில் உள்ள பெரும்பாலான டைல்களும் உள்ளீடற்று ஒலிக்கின்றன. விரிசல் இணைப்பைத் தாண்டிக் கீழ் டைலுக்குள்ளும் சிறிது தூரம் செல்கிறது. பெயர்ந்த துண்டை என் மனைவி எடுத்து வைத்திருந்தார். அதன் பின்புறம் சுத்தமாக இருக்கிறது, கலவையின் அடையாளமே இல்லை. குழாய்களின் குரோம் பளபளப்பாகவே இருக்கிறது. ஆசிரியை அம்மா கொடுத்த வடிவத்தைச் சிறிது மாற்றி உரிமையாளருக்கு அனுப்பிவிட்டேன். குளியலறையையும் பூட்டி வைத்திருக்கிறோம்.

மேஸ்திரி ஐயா, வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சொன்னால், வருகிற ஆட்களிடம் கேட்க எனக்கு உதவியாக இருக்கும்.

டைல்ஸ் மேஸ்திரி

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் ஒட்டிய முறையில் உள்ள குறை என்றே தோன்றுகிறது. ஒரு டைலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை; உள்ளீடற்று ஒலிக்கும் அத்தனையையும் எடுத்துவிட வேண்டும்.

எடுப்பதற்கு முன் வால்வை மூடச் சொல்லுங்கள். டைவர்ட்டருக்கு அருகே குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் உளியை வைத்தால் புதிய கசிவை விலைக்கு வாங்கியதாகிவிடும். மாற்றப்போகும் டைல்களைச் சுற்றியுள்ள இணைப்புகளை முதலில் கட்டரால் அறுத்துவிட்டு, அதன் பின் டைலின் நடுவில் உடைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக எடுத்து வர வேண்டும். ஓரத்தில் உளியை வைத்து நெம்பினால் நல்ல டைல்களும் சேர்ந்து உடையும். டிராப்பை முன்பே துணியால் அடைத்துவிடுங்கள். சிமெண்ட் துகள் வடிகாலில் இறங்கினால் அது வேறொரு செலவு.

பழைய கலவையைச் சுரண்டி எடுத்த பிறகு சுவர் காய வேண்டும். இங்கேதான் அவசரப்படுவார்கள், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். காய்ந்த சுவரில் நீர்காப்புப் பூச்சை இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக அடிக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் இரண்டு பூச்சுகளுக்கும் நடுவே ஃபைபர் வலை வைக்க வேண்டும். விரிசல் முதலில் விடுவது அந்த மூலையில்தான். ஒட்டுவதற்குச் சிமெண்ட் பால் வேண்டாம். ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள டைல் அட்ஹெசிவ் (டைல் ஒட்டும் பசை) பையைக் கேளுங்கள். அதில் வகை 1 முதல் 5 வரை உண்டு, ஈரமான சுவருக்கும் நீங்கள் வாங்கும் டைலுக்கும் எந்த வகை பொருந்தும் என்பது பையிலேயே அச்சிட்டிருக்கும். பல்லுள்ள கரண்டியால் சுவரில் சீராக இழுத்து, டைலின் பின்புறத்திலும் மெல்லியதாகத் தடவி அழுத்த வேண்டும். ஒட்டிய முதல் டைலை உடனே பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள். பின்புறம் முழுவதும் பசை பரவியிருந்தால் ஆள் வேலை தெரிந்தவர்.

டைல்களுக்கு இடையில் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளியே தெரியாமல் நெருக்கி ஒட்டுவது அழகாக இருக்கும் என்று சிலர் கேட்பார்கள். ஷவர் சுவரில் அது கூடாது. வெந்நீரும் தண்ணீரும் மாறி மாறிப் படும்போது டைல் விரிவதற்கு இடம் வேண்டும், இணைப்புப் பசை உள்ளே இறங்கவும் இடம் வேண்டும். இணைப்புக்கு எபாக்ஸி (பிசின் வகை இணைப்புப் பசை) போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நீரை உறிஞ்சாது, உப்புநீரையும் தாங்கும். நல்ல நிலையில் இருக்கும் பழைய டைல்களின் இணைப்பிலும் போட விரும்பினால், பழைய ஒயிட் சிமெண்டை ஆழமாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். மேலாகத் தடவினால் சில மாதங்களில் தோல் உரிவது போல் வந்துவிடும். சுவரும் தரையும் சேரும் மூலையிலும் குழாய் வெளியே வரும் இடங்களிலும் சிலிக்கோன் வையுங்கள், அது அசைவுக்கு இடம் கொடுக்கும்.

டைல் பொருத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் பரணைப் பாருங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய பெட்டியைப் பல உரிமையாளர்கள் பரணில் போட்டிருப்பார்கள், அவர்களுக்கே நினைவிருக்காது. இல்லாவிட்டால், கதவின் பின்புறம் போன்ற கண்ணில் படாத இடத்திலிருந்து ஒன்றிரண்டைக் கவனமாக எடுத்து முன்னே ஒட்டி, அந்த இடத்தில் வேறு டைலை வைக்கலாம். உங்களுக்கு ஒரு வரிசையே தேவைப்படும் போலிருப்பதால், அடி வரிசைகளை மூன்று பக்கமும் வேறு நிறத்தில் மாற்றிவிடுவதுதான் கண்ணுக்கும் ஒழுங்காக இருக்கும்.

சங்கச் செயலாளர்

மேஸ்திரி சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. உடைக்கும் வேலைக்கு முன் சங்கத்தில் தெரிவித்து, அனுமதிக்கப்பட்ட நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். உடைத்த கழிவை மூட்டைகளில் கட்டி எங்கே வைப்பது, யார் எடுத்துச் செல்வது என்பதையும் ஆட்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். மாடிப்படி ஓரத்தில் வாரக்கணக்கில் கிடக்கும் மூட்டையால் வரும் மனக்கசப்பு வேண்டாமே.

மடிப்பாக்கம் குடித்தனக்காரர்

நிலவரத்தைத் தெரிவிக்கிறேன். குளியலறையைப் பூட்டி வைத்ததில் கீழே ஓதம் கண்கூடாக வற்றியது. எனவே குழாயில் கசிவு இல்லை. தரையில் நீரைத் தேக்கி ஒரு நாள் விட்டோம், மட்டமும் இறங்கவில்லை, கீழேயும் மாற்றமில்லை. சுவரில் மட்டும் நீரைப் பாய்ச்சியபோது கீழ்வீட்டுக் கூரையில் பழைய இடத்திலேயே ஈரம் தோன்றியது. சோதனையின் முடிவைக் கீழ்வீட்டுக்காரர் தம் கைப்பேசியிலும் படமெடுத்து எங்கள் உரிமையாளருக்கு அனுப்பினார்.

உரிமையாளர் நேரில் வந்தார். பெயர்ந்த துண்டையும் காணொளியையும் பார்த்தார், தம் கையாலேயே சுவரைத் தட்டிப் பார்த்தார். அதன் பின் பேச்சு மாறிவிட்டது. சுவரை உடைத்து நீர்காப்புச் செய்து டைல் ஒட்டும் செலவை அவரே ஏற்கிறார். கீழ்வீட்டுக் கூரைக்கு வர்ணம் அடித்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. நாங்கள் சோப்புப் பெட்டி மாட்டுவதற்காகத் துளையிட்ட டைலின் விலையை நாங்கள் தருவதாகச் சொன்னோம், ஒப்புக்கொண்டார். வேலை நடக்கும் நாட்களில் வீட்டில் இருந்து மேற்பார்ப்பதும் எங்கள் பங்கு. இவை அனைத்தையும் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, அவரிடமிருந்து "சம்மதம்" என்ற பதிலையும் பெற்றுவிட்டேன். பரணில் டைல் எதுவும் இல்லை என்பதால் அடி வரிசைகள் இரண்டும் சாம்பல் நிறத்தில் வரப்போகின்றன.

இப்போது சுவரை உடைத்துக் காய விட்டிருக்கிறோம். இரண்டு கேள்விகள் மிச்சம். வேலை முடிந்து எவ்வளவு நாள் கழித்து ஷவரைப் பயன்படுத்தலாம்? கீழ்வீட்டுக்கு வர்ணத்தை உடனே அடித்துவிடலாமா?

வழக்கறிஞர், எழும்பூர்

நன்றாகக் கையாண்டிருக்கிறீர்கள். டைல், பசை, கூலி ஆகியவற்றின் ரசீதுகளின் நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பின் எடுக்கும் காணொளியையும் உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். இனி வீட்டின் நிலை என்று பேசும்போது அதுதான் தொடக்கப் பதிவாக அமையும்.

டைல்ஸ் மேஸ்திரி

மகிழ்ச்சி ஐயா. டைல் ஒட்டிய பிறகு இணைப்பை நிரப்ப ஒரு நாளாவது விடுங்கள். எபாக்ஸி ஒரு நாளில் தொடுவதற்குக் கெட்டியாகிவிடும். ஆனால் முழு வலிமை வரப் பல நாட்கள் ஆகும், பொருளுக்குப் பொருள் மாறும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் காலம் வரை நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எபாக்ஸி போடும் அன்றே டைல் மீது படிந்த மெழுக்கை ஆட்களே துடைத்துவிட்டுப் போக வேண்டும். இறுகிவிட்டால் அதை எடுப்பது கடினம். அதன் பின் கழுவுவதற்குச் சோப்புத்தூளும் மென்மையான பிரஷும் போதும். உப்புப் படியாமல் இருக்க, குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரை ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

கீழ்வீட்டு வர்ணத்துக்கு அவசரப்பட வேண்டாம். உங்கள் குளியலறைத் தரை பெரும்பாலும் சங்கன் ஸ்லாப் (குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளம்) மீது செங்கல் ஜல்லி நிரப்பிப் போட்டதாகவே இருக்கும். சுவர் வழியாக இவ்வளவு காலம் இறங்கிய நீர் அந்த ஜல்லியில் ஊறிக் கிடக்கும், அது வற்றச் சில வாரங்கள் ஆகலாம். இடையில் சொட்டு ஈரம் தெரிந்தால் வேலை வீணாகிவிட்டதோ என்று கலங்காதீர்கள். ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு வைத்து, அது சுருங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். முழுவதும் காய்ந்த பிறகு, உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டிவிட்டு வர்ணம் அடிக்கச் சொல்லுங்கள்.

சுவர் இப்போது திறந்திருக்கிறது என்கிறீர்கள். நீர்காப்புப் பூச்சு அடிப்பதற்கு முன், குழாய்கள் போகும் பாதையை ஒரு டேப்பை விரித்து வைத்து, அளவு தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அதில் தெரிய வேண்டும். ஒரு பிரதியை உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். புதிய சோப்புப் பெட்டிக்குத் துளையிட வருபவர் கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான்.